பகலில் தூங்க முடியாத வீடு

எங்கள் தம்பிக்கு நைட் ஷிஃப்ட். காலை ஏழரைக்கு கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். குளித்து, பழையதைச் சாப்பிட்டு, எட்டரைக்குப் பாயை விரிப்பான். பத்து மணி வரை நல்ல தூக்கம். அதற்கு மேல் சிமெண்ட் ஷீட் காயத் தொடங்கும். பதினோரு மணிக்கு பாயைச் சுருட்டிவிட்டு வெறும் தரையில் படுப்பான். பன்னிரண்டுக்கு எழுந்து வந்து வாசற்படியில் உட்காருவான். கண் சிவந்திருக்கும், யாருடனும் பேசமாட்டான். இரவு எட்டு மணிக்கு மறுபடியும் வேன்.

மார்ச் கடைசியில் தொடங்கினால் ஜூலை வரைக்கும் இதே கதைதான். எங்களைப் பார்க்க வரும் கல்லூரித் தோழர்கள் சிலர், "வெயில் எல்லாருக்கும்தானே அக்கா அடிக்குது, இதுல சாதி எங்க வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் இருப்பது முத்தாபுதுப்பேட்டை, ஆவடி விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர். வீட்டில் அம்மா, தம்பி, ஆறு வயதுப் பிள்ளை எல்லாம் சேர்த்து ஐந்து பேர். ஒரு அறை, ஒரு சமையல் இடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துப் போர்ஷனின் குளியல் மறைப்பு தெரியும் என்பதால் பெரும்பாலும் மூடியே கிடக்கும். வாடகை வீடுதான்.

ஷீட் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சூடு மேலிருந்து இறங்குகிற சூடு. வெளியே நிழலில் நிற்பதைவிட உள்ளே உட்கார்ந்திருப்பது மோசமாக இருக்கும். கூரையே அடுப்புத் தகடு மாதிரி உச்சந்தலையில் அனலை இறைக்கும். ஃபேன் போட்டால் அந்த அனல்தான் சுற்றும். காற்று நாற்பது டிகிரியைத் தொட்டுவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிரவைக்காது, சூட்டைத்தான் ஏற்றும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அம்மா அந்த அறிக்கையைப் படிக்காமலே மதியம் ஃபேனை நிறுத்திவிடுகிறார். ஏர் கூலர் வாங்கலாமே என்று ஒருவர் சொன்னார். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். ஈரக் காற்றை அடைத்த அறைக்குள் ஊதினால் புழுக்கம் கூடும், வேர்க்குருவும் கூடும். தவணையில் கூலர் வாங்கிய பக்கத்து வீட்டார் இப்போது அதன்மேல் துணி மடித்து வைத்திருக்கிறார்கள்.

இரவில் ஷீட் சீக்கிரம் ஆறிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு எங்கள் கூரை குளிர்ந்திருக்கும்போது, கான்கிரீட் வீட்டுக்காரர்களின் தளம் நடுராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஷீட் வீட்டின் கொடுமை பகலில்தான். பகலில் வீட்டில் இருப்பவர்கள் யார்? கிழவிகள், பிள்ளை பெற்றவர்கள், நடமாட முடியாதவர்கள், வீட்டிலேயே பீஸ் கணக்கில் வேலை செய்யும் பெண்கள், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வருபவர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ராத்திரி வேலைக்குப் போகாத குடும்பம் குறைவு. அவர்களின் பகல் தூக்கத்தை எந்த வெப்ப எச்சரிக்கையும் கணக்கில் எடுப்பதில்லை. "பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள்" என்று செல்போனுக்குச் செய்தி வருகிறது. எங்களுக்கு அந்த நேரத்தில் உள்ளே இருப்பதுதான் ஆபத்து.

வெளியே போவது என்றால் எங்கே போவது? ஊர்த்தெருவில் கோயிலை ஒட்டி நல்ல நிழல் மரம் ஒன்று உண்டு, சுற்றிலும் மேடை கட்டியிருக்கிறது. அங்கே உட்காரக்கூடாது என்று யாரும் அம்மாவிடம் சொன்னதில்லை. அம்மாவும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. காலனிப் பக்கம் இருந்த புங்க மரம் ரோடு போடும்போது போய்விட்டது. இப்போது மதியம் ஆனால் நான்கைந்து ஆயாக்கள் ரேஷன் கடைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து, நிழல் நகர நகர இவர்களும் நகர்கிறார்கள்.

அடுத்தது கரண்ட் பில். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். நாள் முழுக்க ஓடினால் 1.8 யூனிட். பில் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாளுக்கு 108 யூனிட். அதாவது 2016-லிருந்து அரசு தரும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஒரே ஒரு ஃபேன் தின்றுவிடும். அது போகட்டும், அந்த 100 யூனிட் எங்களுக்கு வந்தால்தானே? எங்கள் காம்பவுண்டில் நான்கு குடும்பம், ஒரே சர்வீஸ். ஹவுஸ் ஓனர் எல்லோருக்கும் சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம் (பிறகு இன்னும் கூடியிருக்கிறது). தனி மீட்டர் வைத்து 200 யூனிட் எரிக்கும் குடும்பத்துக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 வீதம் 225 ரூபாய். அதே 200 யூனிட்டுக்கு நாங்கள் கட்டுவது 1,600 ரூபாய். ஏழு மடங்கு. நான்கு குடும்பமும் தனித்தனி மீட்டர் வைத்திருந்தால் மொத்தம் 900 ரூபாயில் முடிந்திருக்கும். ஒரே மீட்டரில் 800 யூனிட் ஓடும்போது கதை வேறு. 500-ஐத் தாண்டினாலே அந்த 2.25 விலை போய்விடும், 101-லிருந்தே 4.50, 400-க்கு மேல் 6, அப்புறம் 8, அப்புறம் 9. கூட்டினால் 4,550 ரூபாய்.

ஓனர் மாமாவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் நம்மாள்தான். முப்பது வருடம் லோடு தூக்கிச் சேர்த்த காசில் போட்ட ஷீட் வீடுகள் இவை. மூன்று போர்ஷனில் 4,800 வாங்கி 4,550 கட்டுகிறார். அவருடைய 200 யூனிட் எங்கள் தலையில் விழுகிறது என்பது உண்மைதான். கேட்டோம். "நான் மட்டும் இன்னாம்மா பண்றது? ஒரு சர்வீஸ் வாங்கவே நாயா அலைஞ்சேன். நாலு சர்வீஸ் கேட்டா பட்டா எங்கன்னு கேப்பான். பட்டா இருந்தா நான் ஏன் ஷீட்டு போட்டுனு குந்தினு இருக்கேன்?" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். பட்டா இல்லாதவன் கான்கிரீட் போடமாட்டான். நாளைக்கு எழுந்து போகச் சொன்னால் ஷீட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம், தளத்தைக் கழற்ற முடியாது.

பழைய கதைதான் இது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் இருந்தன. அந்த ஜில்லாவின் கலெக்டராகப் பொறுப்பு வகித்த டிரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பைப் பஞ்சமி நிலத்துக்காக மட்டுமே நாம் நினைவுகூர்கிறோம். 1892-ல் அரசாணை வந்தது, 12 லட்சம் ஏக்கர் என்கிற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அவர் வயலைப் பற்றி மட்டும் எழுதவில்லை, குடியிருக்கும் மனையைப் பற்றியும் எழுதினார். சேரி மனை மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் வயல் வேலையோடு வீடும் போகும். காலடி மண் சொந்தமில்லாதவன் எப்படிப்பட்ட கூரை போடுவான்? ஓலை போடுவான். ஓலை குளிர்ச்சிதான், ஆனால் நெருப்புக்குப் பயந்தே பிழைக்கவேண்டும். சாதிக் கலவரம் என்று வந்தால் முதலில் எரிவது அந்த ஓலைதான். எரியாத கூரை வேண்டும் என்று நம் பெற்றோர் ஷீட்டுக்கு மாறியது அவர்களுக்குப் பெரிய முன்னேற்றம். ஷீட் போட்ட அன்றைக்குப் பொங்கல் வைத்ததாக அம்மா சொல்வார். அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994-ல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகமுடியாது.

2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள், ஓலையோ ஷீட்டோ கூடாது, பெரும்பகுதி கான்கிரீட் தளம்தான் என்று விதியே வைத்திருக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் அது கிராமப்புறத்துக்கு, அதிலும் பட்டா உள்ளவர்களுக்கு. எங்களைப்போல மாநகராட்சியின் ஓரத்தில், பட்டா இல்லாதவரின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

கான்கிரீட் வீட்டுக்கு வாடகைக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். போனோம். எங்கள் சம்பளமும் தம்பி சம்பளமும் சேர்ந்தால் இன்னும் மூவாயிரம் கூடுதல் வாடகை கொடுக்க முடியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் டூ-லெட் போர்டு பார்த்து ஏழு வீடு ஏறி இறங்கினோம். முதல் கேள்வி எத்தனை பேர், இரண்டாவது என்ன வேலை. சோஷியல் வொர்க், எம்.ஏ. படித்திருக்கிறோம் என்றதும் முகம் மலரும். மூன்றாவது, "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" சிலர் நாகரிகமாக, "வீட்ல நான்-வெஜ் அதிகமா செய்வீங்களா, பீஃப் எல்லாம்...?" என்று இழுப்பார்கள். மாலையில் போன் வரும்: "வேற ஒருத்தர் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துட்டாராம்மா." அந்த வீட்டு போர்டு பதினைந்து நாள் அப்படியே தொங்கியது. பஸ்ஸில் போகும்போது தினமும் பார்த்தோம்.

ஷீட் வீட்டுக்கு இந்தக் கேள்வி இல்லை. ஓனர் மாமா, "எத்தினி பேரு? தண்ணி மோட்டார் காலைல மட்டுந்தான்" என்று சொல்லி சாவியைக் கொடுத்தார். கேள்வி கேட்காத வீட்டின் கூரை இதுதான்.

குளிர் நாடுகளில் இதே பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. பிரிட்டனில் ஏழைகளின் வீடு ஜனவரியில் உறைந்துபோகும். ஹீட்டர் போட்டால் பில் கட்டமுடியாது, போடாவிட்டால் கிழவர்களுக்கு நிமோனியா. பிரெண்டா போர்ட்மேன் என்கிற ஆய்வாளர் 1991-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். வீட்டைப் போதுமான அளவுக்குச் சூடாக வைக்க வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் அந்தக் குடும்பம் எரிபொருள் வறுமையில் இருக்கிறது என்று அதில் வரையறை செய்தார். கவனியுங்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்பதல்ல, எவ்வளவு தேவைப்படும் என்பதே அளவுகோல். பணம் இல்லாமல் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டவரின் பில் குறைவாக இருக்கும். அதற்காக அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. முதியவர்களுக்குக் குளிர்காலத்தில் தனி உதவித்தொகை 1997-லிருந்து அங்கே இருக்கிறது. 2024-ல் அதைப் பெரும்பாலானோருக்கு வெட்டிய அரசு, எழுந்த எதிர்ப்பில் அடுத்த வருடமே பின்வாங்கியது.

நம் வீடுகளின் பில்லைப் பார்த்தால் யாரும் வறுமை என்று சொல்லமாட்டார்கள். அம்மா மதியம் ஃபேனை நிறுத்திவிடுகிறாரே, பில் எங்கே ஏறும்? குளிர்ந்த வீட்டுக்கு அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது. கொதிக்கிற வீட்டுக்கு நம்மிடம் "அக்னி நட்சத்திரம்" இருக்கிறது. நட்சத்திரத்திடம் போய் மனு கொடுக்க முடியாது.

எம்.ஏ. வகுப்பில் படித்த எரிக் கிளினென்பெர்க்கின் புத்தகமும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1995 ஜூலையில் சிகாகோவில் சில நாள் வெப்ப அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மேயரே அந்த எண்ணிக்கையை நம்ப மறுத்தார். கிளினென்பெர்க் வெயிலை விட்டுவிட்டு முகவரிகளைப் பார்த்தார்: யார் தனியாக இருந்தார்கள், யார் பயத்தில் ஜன்னலைத் திறக்கவில்லை, எந்தத் தெருவில் கடையும் மனித நடமாட்டமும் இல்லாமல் போயிருந்தது. வறிய கறுப்பின மக்களின் பகுதிகள் அதிகம் இழந்தன. நம் மாநிலமும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று ஆணை போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் தெருவில் மே மாதத்தில் போன ஆயாக்கள் எல்லோரும் "வயசாயிடுச்சு", "நெஞ்சு அடைச்சிடுச்சு" என்றுதான் போனார்கள். வீட்டுக்குள் இருந்த சூட்டை யாரும் அளக்கவில்லை.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறோம்.

போன மே மாதம், விடியற்காலை நான்கரை மணிக்கு, பிரஸ் மிஷினில் அவனுடைய இடது கை விரல்கள் இரண்டு மாட்டிக்கொண்டன. ஒன்று பிழைத்தது, ஒன்றின் நுனி போய்விட்டது. அதற்கு முந்தைய ஒன்பது நாளில் அவன் ஒருநாள்கூட மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பகல் முழுக்க ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். கம்பெனி எழுதிய விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ஒரே வரி. அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஏன்டா போட்டாய் என்று கேட்டதற்கு, "தூங்கிட்டேன்னு எழுதச் சொல்றியா? வேலையே போயிடும்" என்றான். மெமோவில் பகலில் எங்கே தூங்குகிறாய், மேலே என்ன கூரை என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

பத்து வருடமாக மற்றவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக்கொடுக்கிற வேலை எங்களுடையது. சொந்த வீட்டுக்காரனின் காகிதத்தில் அந்த வார்த்தை மாற்றமுடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மாட்டினோம். தம்பி படுக்கும் உயரத்தில் ஒன்று, வெளியே நிழலில் ஒன்று. மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுவது பிள்ளையின் வேலை. முதல் வாரத்திலேயே உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட மூன்று, நான்கு டிகிரி அதிகம் என்று தெரிந்தது. தெருவில் இன்னும் ஆறு வீட்டில் மாட்டியிருக்கிறோம். அந்த நோட்டுகள் மனுவோடு போகும்: கூரை எதுவாக இருந்தாலும், பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மின் இணைப்பு, அந்த 100 யூனிட் எரிப்பவருக்கே. மனுவின் நகல் வேண்டுபவர்கள் உங்கள் பகுதிக் கணக்கைப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனு நகர்வதற்குள் கோடை வந்துவிடும் என்பதால் சுண்ணாம்பும் அடிக்கிறோம். அகமதாபாத்தில் 2010-ல் வெயிலுக்கு ஏராளமானோர் செத்த பிறகு, 2013-ல் நகரத்துக்கென்று ஒரு வெப்பத் திட்டம் வந்தது. பின்னாளில் குடிசைப் பகுதிகளின் கூரைக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்தார்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான் தத்துவம். கூல் ரூஃப் பெயிண்ட் விலைக்கு நம்மால் ஆகாது. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, ஃபெவிகால் கலந்து இரண்டு கோட். அக்டோபர் மழையில் பாதி கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்கவேண்டும். ஐப்பசியில் கரைவதும் ஒருவகையில் நல்லதுதான், மார்கழியில் அதே ஷீட்டின் அடியில் பனி கோத்து பிள்ளையின் தலையில் சொட்டும். அது தனிக் கதை. செய்யப்போகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டின்மேல் ஏறி நிற்காதீர்கள், உடைந்து உள்ளே விழுவீர்கள். ஏணியில் நின்று நீளக் கம்பில் பிரஷ்ஷைக் கட்டி அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்கு எமன், அதனால் கூரையை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு மென்மையாகக் கழுவுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பவுண்டு நான்கு வீட்டுக்கும் அடித்தோம். கல்லூரியிலிருந்து ஐந்து தோழர்கள் வந்தார்கள், அதில் மூவர் இதுவரை ஷீட் வீட்டுக்குள் உட்கார்ந்ததில்லை. அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தார். தம்பி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஓனர் மாமா மிச்சமிருந்த சுண்ணாம்பை வாளியோடு தூக்கிப்போய் கோழிக்கூண்டுக்கும் அடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தம்பி ஒரு மணி வரைக்கும் தூங்கினான். நோட்டில் அன்றைக்கு உள்ளே 36, வெளியே 35.

வரும் ஞாயிறு பின்தெருவில் ஐந்து வீடு இருக்கிறது. சுண்ணாம்பு வாங்கிவிட்டோம். ஏணி ஒன்றுதான் இருக்கிறது, ஆவடிப் பக்கம் யாரிடமாவது பதினைந்து அடி ஏணி இருந்தால் காலை ஆறரைக்குள் கொண்டுவாருங்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும்.